காலுள்ள காடைக்குஞ்சு

என் அப்பா சென்பி அரச குடும்பத்துச் சவப்பெட்டிகளின் உட்புறத்தில் மந்திரம் எழுதுபவர். நான் அவருக்கு மை அரைத்துக் கொடுப்பேன். இளவரசி இறந்ததும் தேவதாருப் பெட்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. எங்கள் எழுத்துகள் பறவையும் பாம்புமாகப் படங்கள்தான்; அரசப் பெட்டியில் எழுதும் பறவைகளுக்குக் கால் வரையக் கூடாது. பாம்புகளுக்கு வால் கூடாது. கல்லறையை மூடியதும் எழுத்துகளுக்கு உயிர் வந்துவிடும். எழுந்து நடந்தால் இளவரசிக்கு வைத்த ரொட்டியைத் தின்றுவிடும், அவளையே கடித்தாலும் கடிக்கும்.

என் அண்ணன் அன்கு நீலக்கல் சுரங்கத்துக்குப் போனவன். கூடப் போனவர்கள் திரும்பினார்கள். மணற்புயலில் அவன் வழி தவறிவிட்டான் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாதவனுக்குத் துணி சுற்ற முடியாது, கல்லறை இல்லை, படையலும் இல்லை. படையல் உள்ள இடத்தில் பெயர் எழுதியிருந்தால் அது அவனைக் கூப்பிடும். மணலிலிருந்து நடந்து வந்து சாப்பிடுவான்.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்கு ஆயிரம் ரொட்டி எழுதுறீங்க. என் புள்ளைக்கு ஒரு வாய் கிடைச்சா கொறஞ்சா போயிருவா?" என்று அம்மா நெபெத் அரித்துக்கொண்டே இருந்தாள்.

"மெதுவாப் பேசுடி. மாட்டினா கையை வெட்டிருவாங்க."

ஆனாலும் அண்ணன் பெயரை எழுதிவிட்டார். படையல் வரிகளுக்குக் கீழே, மூலையில், பொடி எழுத்தில். அன்கு என்றால் உயிரோடிருப்பவன். அந்தப் பெயர் காடைக்குஞ்சு எழுத்தில் முடியும்.

பெட்டியைப் பார்வையிட வந்த பூசாரி கெமெஸ், விளக்கை உள்ளே நீட்டி வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு போனார். மூலையில் விளக்கு நின்றது.

"என்ன சென்பி, எல்லாப் பறவையும் முடமாக் கெடக்கு. இது ஒண்ணு மட்டும் எங்க ஓடப் பாக்குது?"

யார் கண்ணிலும் படக் கூடாதென்று அவ்வளவு சின்னதாக எழுதிய அப்பா, கால்களை மட்டும் நகத்தோடு வரைந்திருந்தார்.

"யாரு இந்த அன்கு?"

"என் பையன் சாமி. பாலைவனத்துல போயிட்டான். அங்கருந்து நடந்துதான் வரணும்."

பூசாரி விளக்கைக் கீழே வைத்தார்.

"நானும் புள்ளை பெத்தவன்தான்யா. பேரை நான் பாக்கல. ஆனா காலோட உள்ள போச்சுன்னா என் தலை போயிரும். காலை எடு. இல்லன்னா பேரையே சுரண்டு. எதுன்னாலும் இப்பவே, என் கண்ணு முன்னாடி."

அப்பா கத்தியை எடுத்தார். நான் மைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது.

வீட்டில் அம்மா வெங்காயமும் பீரும் எடுத்து வைத்திருந்தாள். "எழுதியாச்சா?" என்றாள். "ஆச்சு" என்று அப்பா கை கழுவப் போனார். அம்மா உடைந்த பானை ஓடு ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுடி. அவன் பேரு எப்படி இருக்குன்னு போட்டுக் காட்டு. அங்க இருக்கிறபடியே போடு."

போட்டேன். குஞ்சின் வயிறு வரை வந்து கை நின்றுவிட்டது. பொய்யாகக் கால் போட்டிருக்கலாம். முடியவில்லை.

"கால் எங்கடி?"

"அரச வீட்டுப் பெட்டியில அப்படித்தாம்மா எழுதணும்."

வயிற்றுக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த ஓட்டின் மேல் விரலால் தடவினாள். "அப்ப எப்படிடி வருவான்?"

ஈரக் கையோடு உள்ளே வந்த அப்பாவிடம் திரும்பினாள். "ஏங்க, அங்க ரொட்டி இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?"

"பேரு இருக்குல்ல. கூப்பிடுறது கேக்கும்."

"நடக்க முடியாதவனுக்கு அது கேக்காமயே இருந்திருக்கலாம்" என்றாள் அம்மா.