பட்டன், பட்டன், பட்டன்

நீச்சல் குளத்துக்கான இணையதளத்தை மாப்பிள்ளை தன்னந்தனியாகச் செய்து முடித்திருந்தார். குளத்தின் மேலாளர் வேறு யாருமில்லை, பெண்டாட்டியைப் பெற்ற அப்பாதான். மாமனாரிடம் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று நீல அலைகள், பளபளக்கும் படங்கள், துள்ளும் பொத்தான்கள் என அமர்க்களப்படுத்தியிருந்தார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. நீந்த வந்தவர்களை ஈரத்தோடு இழுத்துவந்து அலுவலகக் கணினியில் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஐந்து மணியோடு நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கெடு முடிகிறது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தொலைபேசி அடித்தது. மாமனார் குளத்தருகே நின்றதால் மாப்பிள்ளை எடுத்தார்.

"சார், நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். எனக்குக் கண்ணு தெரியாது. தினமும் உங்க குளத்துலதான் நீந்தறேன். போட்டிக்குப் பேர் கொடுக்கலாம்னா உங்க சைட்டு விடமாட்டேங்குதே!"

கண் தெரியாதவர் இணையதளத்தை எப்படிப் படிப்பார்? மாப்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டேவிட்டார்.

"திரையில இருக்கறதை என் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும் சார். உங்க சைட்டுல என்ன படிக்குது தெரியுமா? 'பட்டன், பட்டன், பட்டன்'. எது எதுக்குன்னு ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் நல்லா எழுதியிருக்கீங்க. 'தொப்பை மாமா குதிக்கிறார், குளம் காலி!'"

மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் விவரம் எழுத ஓர் இடம் உண்டு. திரையில் தெரியாத இடம்தானே, எவன் படிக்கப் போகிறான் என்று, மாமனார் குளத்தில் குதிக்கும் படத்துக்கு விளையாட்டாகக் கிறுக்கியது அது.

"மாமா காதுல மட்டும் போட்டுடாதீங்க மேடம்! உங்க விவரத்தைச் சொல்லுங்க, நானே பதிஞ்சுடறேன்."

"வேண்டாம் சார். போன வருஷம் அப்படித்தான் வேற ஒருத்தர் எனக்காகப் பதிஞ்சு கொடுத்தார். இந்தப் பொண்ணு எங்கே நீந்தப்போகுதுன்னு அவரே முடிவு பண்ணி, சிறப்பு விருந்தினர்னு மேடையில உட்கார வெச்சுட்டார். நீந்தப்போறது நான். பேரும் நானே கொடுக்கறேன்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று தைத்தது.

"லைன்லயே இருங்க மேடம்" என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டார். திரையை அணைத்தார். படித்துக் காட்டும் குரலை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பட்டன். பட்டன். படம். பட்டன். ஒன்றை அழுத்தினால் விளம்பரம் ஓடியது, இன்னொன்றை அழுத்தினால் எழுதியதெல்லாம் அழிந்தது. தான் செய்த சைட்டிலேயே தானே திக்குமுக்காடிப் போனார்.

"என்ன மாப்பிள்ளை, உண்ட மயக்கமா?" உள்ளே வந்த மாமனார் கேட்டார்.

"சைட்டைக் கேட்டுட்டிருக்கேன் மாமா."

விஷயத்தைக் கேட்ட மாமனார் தலையைச் சொறிந்தார். "ஒருத்தருக்காக இவ்வளவு மெனக்கெடணுமா? நாமளே பதிஞ்சு கொடுத்துட்டா ஆச்சு."

"நானும் அதைத்தான் சொன்னேன் மாமா. தப்பு."

உட்கார்ந்த மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. திரையை மறுபடி போட்டு, முதல் வேலையாக மாமனார் படத்துக்கு மரியாதையாக ஒரு வரி எழுதினார். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். தப்பாக நிரப்பிய கட்டம் சும்மா சிவந்து நிற்காமல் என்ன தப்பு என்று சொல்லவும் வழி செய்தார்.

மறுமுனையில் அந்தப் பெண் முயன்று பார்த்துக்கொண்டே வந்தார். "இப்ப பேர் கேக்குது... வயசு கேக்குது... ஐயோ, தேதியில மாட்டிக்கிட்டேன் சார்!"

மவுஸைப் பிடித்தால்தான் திறக்கும் நாள்காட்டி அது. அதைத் தூக்கிவிட்டு, தேதியைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் வைத்தார். கடிகாரம் ஐந்தை நெருங்க நெருங்க, மகளின் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் போல மாமனார் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

ஒலிபெருக்கியில் அந்தக் கம்ப்யூட்டர் குரல் கேட்டது. "உங்கள் பெயர் போட்டியில் பதிவாகிவிட்டது."

"பதிஞ்சுட்டேன்! நானே பதிஞ்சுட்டேன்!" அந்தப் பெண் போட்ட கூச்சலில் அறையே அதிர்ந்தது. மாமனார் கை தட்டினார். மாப்பிள்ளைக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

மாமனார் தொலைபேசிப் பக்கம் குனிந்தார். "பார்த்தியாம்மா, எங்க மாப்பிள்ளை உனக்கு எவ்வளவு பெரிய உதவி பண்ணியிருக்கார்!"

"உதவின்னு சொல்லாதீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அவங்க வர்ற வழியில சுவர் கட்டி வெச்சதே நான்தான். இன்னைக்கு அதை இடிச்சிருக்கேன், அவ்வளவுதான். எல்லாருக்கும்னு ஒண்ணு செஞ்சா, யார் தயவும் இல்லாம எல்லாரும் தானே உள்ளே வர்ற மாதிரி செய்யணும். அது அவங்க உரிமை மாமா."