அனுபவத்தில் சொல்கிறேன்

1.

இந்தக் கதை கைப்பேசித் திரையில் பிறந்தது. சலவை இயந்திரம் நிற்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பெண்கள் மட்டுமே இருக்கிற ஒரு குழுவில், பெயர் போடாமல், ஒருத்தி கேட்டிருந்தாள்:

"அக்கா தங்கச்சிங்க எல்லாரும் கொஞ்சம் யோசனை சொல்லுங்க. எனக்கு வயசு முப்பத்து நாலு. பாலே நடனம் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. பெரியவங்களுக்குன்னு ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணும். அடுத்த வருஷம் குழந்தைக்குப் பாக்கலாம்னு இருக்கோம். டாக்டர் ரெண்டும் செய்யலாம்னுட்டாங்க. வீட்ல உன் இஷ்டம்ங்கறார். யாராவது இப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

கீழே நாற்பத்தொரு பதில்கள். இன்னொன்றும் உண்டு. அதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொல்லத் தெம்பில்லை.

2.

தொடக்கம் ஒன்று: அவள் கண்ணாடி முன் நின்று குதிகாலை உயர்த்தியபோது—

(கண்ணாடியில் ஆரம்பிக்கிற கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன். அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: முப்பத்து நாலு வயது என்பது ஒரு

(கட்டுரை வாடை. வேண்டாம்.)

அவளுக்கு ஒரு வேலை வேண்டும். பல் செட் செய்கிற கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். யாருடையதோ வாய் அச்சின் மேல், மெழுகில், பல் பல்லாக நட்டு, கடி சரியாக விழுகிறதா என்று பகல் முழுக்கப் பார்க்கிறாள். அவள் செய்த பல்லோடு எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள். ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது.* மேடை ஏறும் கனவெல்லாம் அவளுக்குக் கிடையாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

* கழுத்து என்னுடையது. இரவல் கொடுத்திருக்கிறேன்.

3.

கணவனை முதலில் வில்லனாக்கினேன். "இந்த வயசுல என்னடி குதிப்பு?" என்று கத்தினான். எழுதச் சுகமாக இருந்தது. ஆனால் அவள் சொன்னது அப்படியில்லையே. லிஃப்ட் பழுது பார்க்கிறவனாக, களைத்து வந்து சாக்ஸைக் கழற்றுகிறவனாக மாற்றினேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணுங்க."

"கொடேன்."

"ஆறு மாசத்துல நிறுத்த வேண்டி வந்துட்டா?"

"அப்ப நிறுத்திக்கோ."

"அப்புறம் எதுக்குச் சேரணும்?"

"சரி, சேராத."

"நீங்க என்னதான் நினைக்கிறீங்க?"

"உன் இஷ்டம்மா."

நல்லவன்தான். ஆனால் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போகிறவர்கள், மொத்த மூட்டையையும் நம் தலையில் இறக்கிவிட்டுத்தான் போகிறார்கள். அவள் அடுக்களையில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, காணொளியில் பார்த்தபடி, குதிகால்களைச் சேர்த்து விரல்களை வெளிப்பக்கம் திருப்பினாள். முட்டி சொடுக்கியது. நாற்காலி ஆடியது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள்.

அனுமதி எல்லாரும் கொடுத்தாயிற்று. தனக்கு முன்னால் அந்த வழியில் போய் வந்தவள் யாராவது இருக்கிறாளா என்றுதான் கேட்டாள்.

4.

சரி. அந்தப் பதில்.

நாற்பத்தொன்றில் பாதி வாழ்த்து, பாதி பயமுறுத்தல். ஒருத்தி, பாலே செருப்பு எங்கே கிடைக்கும் என்று இவளையே திருப்பிக் கேட்டிருந்தாள். "செஞ்சிருக்கேன்" என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுதினேன்:

"அனுபவத்துல சொல்றேன்மா. நானும் உன்ன மாதிரிதான் சேர்ந்தேன். மூணாவது மாசமே உண்டாயிட்டேன், பாதியில விட்டுட்டேன். அந்த ஏக்கம் ரொம்பக் கொடுமை. முதல்ல குழந்தை. டான்ஸ் எங்கயும் ஓடிப்போகாது."

நான் பாலே ஆடியதில்லை. குழந்தை பெற்றதில்லை. ஐம்பத்திரண்டு வயது, கதை எழுதுகிறவள். கை பழக்கத்தில் போய்விட்டது. இயந்திரம் நின்றது. துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், என் பதிலுக்குத்தான் அதிக விருப்பக்குறிகள். அதன் கீழே அவள்:

"ரொம்ப நன்றி அக்கா. நீங்க ஒருத்தர்தான் பட்டவங்க. வகுப்புக்கு வரலன்னு சொல்லிட்டேன்."

நான் எழுதிய கதைகளில், ஒருவர் வார்த்தைக்கு வார்த்தை நம்பியது இது ஒன்றுதான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம். இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். கேள்வியையே காணோம். பெயரில்லாதவளை எங்கே போய்த் தேடுவது?

5.

முடிவு அ: மனம் மாறி, வெள்ளிக்கிழமை மாலை, வகுப்பு வாசலில் நிற்கிறாள். (என் பாவத்தைக் கழுவ அவளை நடக்க வைக்கிறேன். வேண்டாம்.)

முடிவு ஆ: சில வருடம் கழித்து மகளும் அவளும் பாலே வகுப்புச் சுவரில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். (மிட்டாய்.)

முடிவு இ: குழந்தையும் தள்ளிப்போகிறது. வகுப்பும் போயிற்று. அந்த வருடம் முழுக்க அவள்

(என்னால் முடியவில்லை.)

ஒருமுறை அவளுக்கு முடிவு சொல்லியாயிற்று. இன்னொருமுறை சொல்ல எனக்கு வாயில்லை. அதனால் அவளை மூன்றாம் பகுதியிலேயே, அந்த அடுக்களையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். கேள்வியை இப்போதுதான் போட்டிருக்கிறாள். கைப்பேசி மேசை மேல் கிடக்கிறது, பதில் ஒன்றும் வரவில்லை. மறுபடி நாற்காலியைப் பிடித்துக் குதிகால்களைச் சேர்க்கிறாள்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். செய்திருந்தால், செய்தேன் என்று சொல்லுங்கள். இல்லையென்றால், "எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, அந்த நாற்காலி ஆடாமல் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.