பத்தாவது வாத்து

எங்கள் ஊர் மன்றத்தில் ஏழு பேர். புல்வெளி உரத்துக்குத் தடை போடலாமா என்ற கேள்விக்கு மூவர் ஆம், மூவர் இல்லை. ஏழாவது ஆள் டெல்மர், அதாவது நான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலேயே என் புல்வெளிபோல் பச்சை கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

என் மனைவி ஆர்டிஸ் முப்பது வருடமாகக் கோடைக் காலைகளில் ஏரியில் நீந்துகிறவள். அந்த வருடம் ஏரி முழுக்கப் பாசி, அவள் உடம்பெல்லாம் தடிப்பு. தண்ணீர் தெளிகிறவரை இறங்கக்கூடாது என்றுவிட்டார் டாக்டர்.

"நீ போடற உரம்தான் பாசிக்குச் சாப்பாடு," என்றாள்.

"அது எப்படி ஏரிக்குப் போகும்? தெருத் தண்ணியெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது. மன்றத்துல இருக்கறவனுக்குத் தெரியாதா?"

அவள் வாதாடவில்லை. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விழாவில், தண்ணீரில் மிதக்கவிட்டு எது முந்துகிறது என்று பார்க்கும் பந்தயத்துக்கு எண் போட்டு விட்ட ரப்பர் வாத்துகளில் ஒன்றுமுதல் பத்துவரை எடுத்து வந்து, கொட்டும் மழையில் எங்கள் வாசல் வடிகாலுக்குள் போட்டாள். முந்தின நாள்தான் நான் உரம் தூவியிருந்தேன்.

என்னை ஏரிக்கரைக்கு இழுத்துப் போனாள். அவள் நீந்த இறங்கும் மரத்துறைக்குப் பக்கத்தில் ஒரு குழாய். அதிலிருந்து மஞ்சள் வாத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்தன. ஒன்பது.

"உன் சுத்திகரிப்பு நிலையம் ரொம்ப அழகா இருக்குய்யா."

பெண்டாட்டி நீந்துகிற தண்ணீரில் நானே இத்தனை வருடம் கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"பத்தாவது வாத்து வரலையே. அது நிலையத்துக்குத்தான் போயிருக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் குடை கைநழுவிப் போனது.

அன்று மாலை மன்றத்தில் எழுந்தேன். "ஒரு வீட்டு உரம்னா ஏரி தாங்கிக்கும். நாம நானூறு வீடு. நான் மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போகுது? அதான் சட்டம் வேணுங்கறேன்," என்று கை தூக்கினேன். தடை நிறைவேறியது.

ஏரி தெளிய மூன்று கோடை பிடித்தது. அதற்குள் என் புல்வெளியில் களைகள் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன.

நேற்று டாக்டர் சரி என்றதும் ஆர்டிஸ் ஏரியில் இறங்கினாள். நான் மரத்துறையில் உட்கார்ந்திருந்தேன். முங்கியவளைக் காணோம். எழுந்து நின்றேன். பிறகு தலை தெரிந்தது. கையில் சேறு அப்பிய, தண்ணீர் புகுந்து கனத்த வாத்து. துடைத்துக் காட்டினாள். எண் பத்து.

"எட்டடி ஆழத்துல கெடந்துது. மேல இருந்தே தெரிஞ்சுதுய்யா," என்றாள்.

நான் சட்டையோடு குதித்தேன்.