எங்களை முந்திப்போன வீடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால், எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் 'ஒரு மழைநாள்', 'ஒரு முகம்' எல்லாம் என்னிடம் கிடையாது. இது ஒரு காருக்கும் கேரவனுக்கும் நடுவில் பிறந்தது. காரின் வாலில் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார்களே, சக்கரம் வைத்த வீடு, அது. நடந்து இரண்டு வருஷமாகிறது. இன்னும் பேனாவை எடுத்தால் மூடி வைத்துவிடுகிறேன். டைப் அடிக்கலாமே என்பீர்கள். அதையும் மூடி வைத்துவிடுகிறேன்.

ஆரம்பத்தை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். அதில் ஒன்று:

"சின்ன ஊர்களுக்குக் காலையில் மட்டும்தான் முகம் இருக்கிறது."

நன்றாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடித்துவிட்டேன். ஏன் என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன். அங்கே சொல்லாமல் நழுவிவிட்டேன் என்றால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடலாம்.

2

ஆட்கள் நாலே பேர்.

மாமனார், முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். வழியிலிருந்த ஊர்களில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டும் அதன் கழிப்பறையும்தான். ஓய்வு பெற்றதும் பழைய கேரவன் ஒன்றை வாங்கினார். "ஒவ்வொரு ஊர்லயும் ஒரு ராத்திரி தூங்கணும் மாப்ளே. இத்தன வருஷமா ஹாரன் அடிச்சு அவங்க தூக்கத்தக் கெடுத்தவன்ல நான்" என்றார்.

என் மனைவி, அவருடைய மகள். அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். என் கதைகளுக்கு அவள்தான் முதல் வாசகி. அவள் சிவப்புப் பேனாவைத் தாண்டி ஒரு வரிகூட வெளியே போனதில்லை.

மச்சினன், அவளுடைய தம்பி. லிஃப்ட் மெக்கானிக். முதல் வரைவில் இவனைக் 'கொஞ்சம் அசட்டையானவன்' என்று எழுதியிருந்தேன். அண்டப்புளுகு. அசட்டையானவன் பழுதுபார்த்த லிஃப்டில் நீங்கள் ஏறுவீர்களா? பத்து வருஷமாக ஜனங்கள் ஏறினார்கள்.

பிறகு நான்.

3

அன்று ஒரு சின்ன ஊரிலிருந்து இன்னொரு சின்ன ஊருக்கு அறுபது கிலோமீட்டர் போக வேண்டும். கிளம்புமுன் எங்களுக்கு ஒரு முறை உண்டு. மாமனார் ஏற்படுத்தியது. ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் அதைச் செய்துவிட்டு 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். படிப்பவன் நான். செய்பவன் மச்சினன்.

"முட்டுக்கால்?"

"தூக்கியாச்சு."

"சக்கரக் கட்டை?"

"எடுத்தாச்சு."

"கொக்கி?"

"உக்கார வெச்சாச்சு."

மச்சினன் அன்றைக்கு ஏதோ யோசனையில்—

(இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன். யோசனையில் இருந்தவன் அவன் இல்லை.)

மாமனாருக்கு முதுகு வலி. கேரவனிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது என்பது சட்டம். "முப்பத்தொரு வருஷம் சட்டப்படி உக்காந்துதான் மாப்ளே இந்த முதுகே போச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

மச்சினன் காரை ஓட்டினான். பக்கத்தில் மனைவி. பின்னால் நான். இருபது கிலோமீட்டர் வரை ஒன்றும் ஆகவில்லை. ஒரு நீண்ட இறக்கம். அடியில் ஒரு சிறு பாலம். இறக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம்.

"என்ன இது, வண்டி திடீர்னு லேசாயிடுச்சு" என்று மச்சினன் பிரேக்கை மிதித்தான்.

மனைவி வலது பக்கம் பார்த்தாள். "ஏங்க, நம்மளுது மாதிரியே ஒரு வண்டி போகுது பாருங்களேன்!"

அந்த வண்டியின் ஜன்னல் திரையைத் தைத்தவள் அவளேதான். அது தெரிய அவளுக்கு ஒரு நொடி பிடித்தது. அந்த ஒரு நொடி அவள் முகத்திலிருந்த சிரிப்பை நான் என்ன செய்வது? எந்த வரைவிலும் வைக்க முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

வீடு எங்களை முந்திக்கொண்டு போனது. இழுக்க யாருமில்லாமல், ஓட்ட யாருமில்லாமல், நடுரோட்டில். உள்ளே மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, எதிரே வந்த லாரிக்கு 'ஒதுங்கு, ஒதுங்கு' என்று காட்டினார். ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை, அவரிடம் இருந்தது அந்தக் கை மட்டும்தான். லாரிக்காரன் ஒதுங்கினான். கேரவன் பாலத்துச் சுவரில் மோதிப் பக்கவாட்டில் சாய்ந்தது.

மூவரும் ஓடினோம்.  

4

மாமனார் பிழைத்தார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் கட்டிலோடு கிடக்கிறார்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், "யார் மாட்டினது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றான் மச்சினன். கொக்கியின் பூட்டைத் தட்டிப் போடவில்லை, காப்புச் சங்கிலியையும் மாட்டவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "ஆச்சுன்னு சொன்னேனே... சொன்னேன்னுதான் நெனைக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என் மனைவி அவனைப் பார்த்து, "கை உன்னுதுதானே?" என்றாள். அக்கா தம்பிக்கு நடுவில் அதுதான் கடைசிப் பேச்சு.

இப்போது நான்காம் பகுதிக்கு வந்துவிட்டோம். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பட்டியலில் 'கொக்கி'க்கு அடுத்த வரி 'பூட்டு'. அதற்கடுத்தது 'சங்கிலி'. 'கொக்கி' என்று படித்ததும் எனக்கு ஒரு வாக்கியம் தோன்றியது. காலை வெயிலில் அந்த ஊர்த் தெரு அப்படி இருந்தது. மறந்துவிடுமே என்று பட்டியலின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டேன். எழுதி முடித்துத் தலையைத் தூக்கி, "விளக்கு வயர்?" என்றேன். "மாட்டியாச்சு" என்றான் அவன்.

இரண்டு வரியை நான் படிக்கவே இல்லை.

சின்ன ஊர்களுக்குக் காலையில் மட்டும்தான் முகம் இருக்கிறதாம். இந்த ஒரு வரிக்காகத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். எழுத்தாளன், மனசாட்சி, சமூகம் என்று மேடையில் பேசுகிற அதே வாய்தான்.

5

மச்சினன் லிஃப்ட் வேலையை விட்டுவிட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிறான். இப்போது ஒரு பாத்திரக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். ஏன்டா என்று கேட்டதற்கு, "மனுஷன் ஏறாத வேல போதும் மாமா" என்றான்.

மாமனார் வாராவாரம் கேட்கிறார், "பையன் வரலையா?" என்று. "வேலையா இருக்கான்பா" என்கிறாள் மகள். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன்.

போன வாரம் அந்தப் பாத்திரக் கடையின் கிடங்குக்குப் போய், அடுக்கியிருந்த குண்டான்களுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இந்தக் கதைக்கு அது ஒரு நல்ல முடிவு.

அவன் ஒரு குண்டானைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"நீங்க படிக்கவே இல்லையா?"

"இல்ல மச்சான்."

"அப்ப நான் ஆச்சுன்னு பொய் சொல்லல."

"சொல்லல."

"ரெண்டு வருஷம் மாமா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க வழிந்தது. அப்புறம்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்ட அந்த வார்த்தையைச் சொன்னான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"டேய், என்ன பேசற?"

"அவ உங்கள வெளிய அனுப்பிடுவா. அப்பாவ யாரு தூக்கி உக்கார வெப்பா, யாரு துணி மாத்துவா? அவ ஒத்தையா என்ன பண்ணுவா? எனக்குத் தெரிஞ்சா போதும். இன்னிக்குப் போய் நிம்மதியாத் தூங்கிக்கறேன்."

என் பாத்திரங்களில் எதுவும் இதுவரை என்னிடம் இவ்வளவு பெரிய தப்பைக் கேட்டதில்லை.

6

முடிவுகள்.

(அ) அவன் சொன்னபடி மறைத்துவிடுகிறேன். என் மூட்டு விட்டுப்போகும்வரை மாமனாரைத் தூக்குகிறேன். எல்லோருக்கும் வசதி. எனக்கு ரொம்ப வசதி. அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

(ஆ) மாமனார் கட்டிலிலிருந்தபடியே எல்லாவற்றையும் யூகித்து, "விடு மாப்ளே" என்று— வேண்டாம். அவர் இடுப்பை உடைத்ததும் போதாதென்று அவர் வாயால் எனக்கு மன்னிப்பு வேறு வாங்கித் தருவதா?

(இ) இந்தக் கதையை வழக்கம்போல் என் மனைவியிடம் பிழை திருத்தக் கொடுக்கிறேன்.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். அவள் படிக்காமல் என் கதை எதுவும் அச்சுக்குப் போவதில்லை. அப்படியானால் இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் அவள் படித்துவிட்டாள். தம்பி கேட்டுக்கொண்டதை நான் மீறிவிட்டேன். உங்களுக்கு அது நடந்துமுடிந்த சங்கதி. எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அது இன்னும் அரைமணி நேரம் தள்ளி இருக்கிறது. மாமனாருக்குத் துணி மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுக் கொடுக்கப்போகிறேன். 

இதற்கு மேல் எனக்குத் தெரியாது, நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்காகப் பரிதாபப்பட்டு அவள் மன்னித்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கே ஆசையாகத்தான் இருந்தது, நான்கு தடவை எழுதி அடித்தேன். அவள் கத்தட்டும், பெட்டியைத் தூக்கி வாசலில் வைக்கட்டும், என் முகத்திலேயே முழிக்காமல் இருக்கட்டும். அதெல்லாம் உங்கள் இஷ்டம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவள் தம்பிக்குப் போன் பண்ணட்டும்.