பாதிரியார் மறந்த வசனம்

அமெரிக்கப் புறநகரான காப்பெலில் ஹோம் தியேட்டர் இல்லாத வீடும் உண்டு. ஆனால் அதை யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. அனந்தராமன் வீட்டில் இருந்தது: சாய்வு நாற்காலிகள், பாப்கார்ன் மெஷின், கதவுக்கு வெளியே செருப்புக் குவியல். அன்று மாலை தமிழ்ச் சங்கத் தலைவர் சேனாபதி சில குடும்பங்களோடு படம் பார்க்க வந்திருந்தார். சங்கம் புதிதாகத் தொடங்கும் உலக சினிமா வட்டத்துக்கு யார் தலைவர் என்பது அன்றைக்கு முடிவாகிவிடும். அந்தப் பதவிக்காகவே அனந்தராமன் தாடி வளர்த்திருந்தார்.

படம் பழைய பிரிட்டிஷ் காமெடி. ஒரு கிராமத்துப் பாதிரியாரையும் ஓர் ஆட்டையும் பற்றியது.

"பாதிரியார் சர்ச் கதவைத் திறக்கறார். உள்ள ஆடு. ஒண்ணுமே பேசாம நிக்கறார்," என்றார் அனந்தராமன், திரைக்கு முன்னால் நின்றபடி. "அந்த சைலன்ஸை நோட் பண்ணுங்கோ. அது ஒரு சாம்ராஜ்யம் சரியற சத்தம்."

"சைலன்ஸ்தான் சத்தமுங்களா?" என்று கேட்டார் நஞ்சுண்டன். கோயம்புத்தூர்க்காரர், காப்பெலுக்குப் புதிது. அவர் மனைவி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

விளக்கு அணைந்தது. திரையில் பாதிரியார் வாயசைத்தார். கேட்டதோ ஒரு கிழவரின் இருமல், தேநீர்க் கோப்பை வைக்கும் ஓசை. பிறகு ஒரு கிழவி, அந்த ஆடு தன் தொப்பியைத் தின்றுவிட்டதாக ஆங்கிலத்தில் புகார் சொன்னாள்.

அனந்தராமன் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார். கமென்டரி! வசனத்துக்குப் பதிலாக, படத்தில் நடித்தவர்களே வயதான காலத்தில் கூடி உட்கார்ந்து, தங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே அரட்டை அடிக்கும் ஒலித்தடம். அவர் மனைவி மீனாக்ஷி துணி மடிக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்பாள். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு பேசுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். காலையில்கூடச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏன்னா, நீங்க சொல்றேளே அந்த சைலன்ஸ் சீன், அதுல அவருக்கு டயலாக் மறந்துபோச்சாம்! அவரே சொல்றார்."

"கமென்டரியெல்லாம் படம் புரியாதவாளுக்கு," என்று அவளை அனுப்பியிருந்தார்.

இப்போது அந்தக் காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. உடனே நிறுத்திவிடலாம் என்று அவர் எழுந்த நேரத்தில் சேனாபதி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பிரிட்டிஷ் ஹ்யூமர்னா இதான் சார்! வாய் ஒண்ணு பேசுது, குரல் வேற பேசுது. என்னா சட்டயர்!"

தலைவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல், ஒலித்தடம் மாறிவிட்டது என்று சொன்னால் சேனாபதியை முட்டாள் என்று சொன்னதாகும். பதவி போய்விடும். சொல்லாமல் விட்டால் பாதிரியாராக நடித்த கிழவரே உண்மையைச் சொல்லிவிடுவார். அப்போதும் போய்விடும்.

அனந்தராமன் உட்கார்ந்தார், எழுந்தார். பாப்கார்ன் மெஷின் வரை போய்த் திரும்பினார். நாற்காலி இடுக்குகளில் ரிமோட்டைத் தேடினார்.

"பாத்ரூம் போறதுன்னா போய்ட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கறோம்," என்றார் நஞ்சுண்டன்.

ரிமோட் மீனாக்ஷியின் துப்பட்டாவுக்கு அடியில் இருந்தது. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"மீனா, குடு. அந்த ஒரு சீனையாவது ஃபார்வர்ட் பண்ணிடறேன்."

"அதுதான்னா பெஸ்ட்டு. போய் உக்காருங்கோ, மறைக்காதீங்கோ."

பாதிரியார் கதவைத் திறந்தார். ஆடு எதையோ மென்றுகொண்டு அவரையே பார்த்தது. அவர் பேசவில்லை. கிழவரின் குரல் நிதானமாக வந்தது: வசனம் சுத்தமாக மறந்துவிட்டது; ஆடு எடுத்துக்கொடுக்கும் என்று பார்த்தேன்; அதுவும் மறந்துவிட்டிருந்தது.

மீனாக்ஷி மட்டும் சிரித்தாள்.

"ஏனுங்க சார், அவரு மறந்துட்டேங்கறாரு," என்றார் நஞ்சுண்டன். "நீங்க சாம்ராஜ்யம்னு சொன்னீங்க?"

எல்லோரும் அனந்தராமனைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவினார். தாடி உதவவில்லை.

கை கொடுத்தவர் சேனாபதி. தானும் வாய்விட்டுப் பாராட்டியாகிவிட்டதே என்ற கவலை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். "சாம்ராஜ்யமே டயலாக்கை மறந்துடுச்சு!" என்று கூவினார். "சார் முன்னாடியே சொல்லிட்டாரேய்யா! இவர்தான் நம்ம வட்டத்துக்குத் தலைவர். வேற பேச்சே கிடையாது."

கைதட்டலில் கிழவர்களின் அரட்டை அமுங்கிப்போனது. யாரோ விளக்கைப் போட்டார்கள். "தலைவர் ரெண்டு வார்த்தை பேசணும்!"

அனந்தராமன் திரைக்கு முன்னால் வந்து நின்றார். ஏற்புரை என்றோ தயார். தினமும் குளிக்கும்போது சத்தமாகப் பேசிப் பழகியதுதான். வாயைத் திறந்தார். முதல் சொல் வரவில்லை. இரண்டாவது சொல்லும் வரவில்லை.

சேனாபதி பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார். நஞ்சுண்டன் தன் மனைவியை முழங்கையால் இடித்தார். "நோட் பண்ணிக்க கண்ணு. சத்தம் கேக்குதா?"

அனந்தராமன் மீனாக்ஷியைப் பார்த்தார். குளியலறைக் கதவு வழியாகக் கேட்டுக் கேட்டு, அவளுக்கு அந்த உரை முழுக்க மனப்பாடம்.

அவள் பாப்கார்னை மென்றுகொண்டு அவரையே பார்த்தாள்.