இரண்டு ரவுட்டர், ஒரு சிகரம்

வானளாவிய கட்டடங்களுக்கு மேலே, கிரேனின் கூண்டில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். அத்தனை உயரத்தில் ஒன்றும் ஆகாதவரைத் தரையில் பின்னோக்கி வந்த ஒரு லாரி சாய்த்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அதன்பின் ஜன்னல் பக்கம்கூடத் திரும்பமாட்டார்.

கடல் கடந்து வேலை பார்க்கும் மகள் ஒரு கேம் கன்சோலை அனுப்பிவைத்தாள். இரண்டு பேர் ஒரே கயிற்றில் பனிமலை ஏறும் விளையாட்டு. ஆனால் மகள் சேர முயன்றபோதெல்லாம் இணைப்பு அறுந்தது. திரையில் ‘நாட் டைப்: ஸ்ட்ரிக்ட்’ என்று வந்தது; வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் கடும் தடை என்று அர்த்தம்.

“போன்ல உன் முகமே தெரியுது. இது மட்டும் ஏன் வரமாட்டேங்குது?” என்றார் அப்பா.

“போன் பேச்சை நடுவுல ஒரு சர்வர் வாங்கிக் கொடுக்குதுப்பா. இந்த விளையாட்டு என் வீட்டுல இருந்து நேரா உங்க வீட்டுக்கு வரணும். அங்க ரெண்டு ரவுட்டர் இருக்கு இல்ல?”

இருந்தன. பீரோவுக்குப் பின்னால் இன்டர்நெட் கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டி. அதிலிருந்து வயர் இழுத்து, கட்டில் அருகே பிறகு வாங்கிய வெள்ளை ரவுட்டர்.

“ஒரு வாசலுக்கு ரெண்டு காவல்காரன். உள்ள இருந்து போறவங்களை விடுவாங்க. வெளிய இருந்து வர்ற என்னை, யாரைப் பார்க்க வந்தேன்னே தெரியாம திருப்பி அனுப்பிடுறாங்க.”

அம்மா தையல்காரி. மிஷினை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். மகள் போனில் சொல்லச் சொல்ல, வெள்ளை ரவுட்டரில் ‘யுபிஎன்பி’யை இயக்கினாள். இனி கன்சோல் கேட்டால் ரவுட்டர் தானே வழிவிடும். அடுத்து கறுப்புப் பெட்டியை ‘பிரிட்ஜ் மோடு’க்கு மாற்ற வேண்டும்; அது காவலை விட்டுவிட்டு வெறும் பாலமாகிவிடும். அம்மாவின் விரல் தயங்கியது.

“ஆழம் தெரியாம காலை விடக்கூடாதுங்க.”

“என் காலைத்தான் விட முடியாது. நீ விடு.”

விபத்துக்குப் பிறகு அவர் தன் காலைப் பற்றிக் கிண்டல் செய்தது அதுவே முதல்முறை. சிரித்துக்கொண்டே அழுத்தினாள். மகளின் முகம் போனிலிருந்து மறைந்தது. ரவுட்டர் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

“போச்சு!” என்றாள் அம்மா.

கறுப்புப் பெட்டி முதலில் கண் விழித்தது. பிறகு வெள்ளை ரவுட்டர். கன்சோலில் மறுபடி சோதித்தார்கள். ‘நாட் டைப்: ஓபன்.’ வழி திறந்துவிட்டது.

திரையில் வெண்பனி விரிந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஓர் உருவம் அவர் பக்கத்தில் வந்து நின்று கையசைத்தது.

“அப்பா, நான்தான்!” தொலைக்காட்சியிலிருந்தே மகளின் குரல் வந்தது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை நாடு, எத்தனை கடல்! அத்தனையையும் தாண்டி, அவள் இழுத்த கயிறு அவர் கையிலிருந்த கன்ட்ரோலரில் அதிர்ந்தது.

ஏறினார்கள். கன்ட்ரோலரின் குச்சிகளை அவர் கட்டைவிரல்கள், கிரேனின் நெம்புகோல்களைப் போலவே மயிரிழை பிசகாமல் நகர்த்தின. “காத்து அடிக்குது, அம்மாடி. கயிறு ஆடி அடங்கட்டும், அப்புறம் கால் வை,” என்றார். அவள் அப்படியே செய்தாள்.

உச்சியை அடைந்ததும் மேகம் விலகியது. காலடியில் மலைகள் அலையலையாய்ப் போய்க்கொண்டே இருந்தன.

“அப்பா... தினமும் இப்படித்தான் பார்த்துட்டு இருந்தீங்களா?”

“இதைவிடக் கொஞ்சம் கீழதான்,” என்றார். அம்மா சத்தமில்லாமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மூவரும் அந்த மலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.