தவளைக்கு என் பெயர்

எங்கள் அருங்காட்சியகத்தில் அந்தப் பழுப்புத் தவளையை, கால்விரலை மட்டும் பார்த்துவிட்டு, தலைப்பிரட்டை போடும் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. குளமே இல்லாத மலைச்சரிவில் வாழ்கிற தவளை, தலைப்பிரட்டையை எங்கே போய் நீந்தவிடும்?

ஈர மண்ணோடு அதன் முட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் வைத்தேன். "இங்க நான் குளிக்கறதா, உன் பிள்ளைங்க குளிக்கறதா?" என்று வீட்டுக்காரர் புலம்பித் தீர்த்தார். முட்டைக்குள்ளேயே வால் குறுகி, கால் முளைத்தது. ஒரு நாள் காலை முட்டையைக் கிழித்துக்கொண்டு, மிளகளவில், நேராகத் தவளையே வெளியே வந்தது. தலைப்பிரட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதன் குடும்பமே வேறு!

முதல் போன் அக்காவுக்குத்தான். கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் தவளைப் பிரிவின் தலைவி. என் பிரசவத்தின்போது பக்கத்தில் நின்றவள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "சேர்ந்தே கட்டுரை எழுதுவோம்டி. எலும்பு என் பொறுப்பு, முட்டை உன் பொறுப்பு." படம், குறிப்பு, குஞ்சு எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக் கொடுத்தேன். என்னைப்போல் ஓர் ஏமாளி உண்டா?

ஆண்டுக் கூட்டத்தில் இயக்குநர் அந்தப் புதிய தவளையை அறிவித்தார். அதற்கு என் பெயர்! அரங்கமே கைதட்டியது. வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மட்டும் கைதட்டவில்லை. எங்கள் தொழிலில் தன் பெயரைத் தானே ஓர் உயிருக்குச் சூட்டிக்கொள்வது மானக்கேடு. தவளைக்கு என் பெயர் என்றால், அதைக் கண்டு எழுதியவர்களில் நான் இல்லை என்று அர்த்தம். திரையைப் பார்த்தேன். எழுதியவள் அக்கா. அவள் மட்டும்.

வராந்தாவில் அவளை மடக்கினேன்.

"சேர்ந்து எழுதுவோம்னு சொன்னியேக்கா?"

"உனக்கு எவ்ளோ பெரிய மரியாதை பண்ணியிருக்கேன்! காலத்துக்கும் நிக்கும்டி."

"அது நான் கண்டுபிடிச்சது. எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்."

"சொல்லேன். தன் பேரு வச்ச தவளைக்கே சண்டைக்கு வர்றா பாருன்னு ஊரே சிரிக்கும்."

என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். எல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறாள், பாவி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்காரர் தவளையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். மாமியார் போனில் கூப்பிட்டார்.

"உன் பேருக்குப் பின்னாடி என் பையன் பேரு இல்லியேம்மா? வேற யாரோ பேருல்ல இருக்கு?"

"பேரு வச்சவங்க பேரு அத்தை. அப்படித்தான் எழுதுவாங்க."

"எடுத்துட மாட்டாங்களா?"

"மாட்டாங்க," என்றேன். "என் பேரு இருக்கற வரைக்கும் அதுவும் இருக்கும்."